கணிதக் கட்டாயம் ஏணியா, வேலியா? அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் நாற்பதாண்டு அனுபவம்

2024 அக்டோபரில் மகாராஷ்டிர அரசின் பள்ளிக் கல்விக் கலைத்திட்ட ஆவணத்தில் இடம்பெற்ற ஒரு பரிந்துரை சில நாள்கள் செய்தியாகிப் பின் மறக்கப்பட்டது. அம்மாநிலத்தில் பத்தாம் வகுப்பின் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தேர்ச்சி மதிப்பெண் 35. அதை எட்டாவிட்டாலும் 20 எடுத்துவிட்டால், மாணவர் விரும்பும் நிலையில் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கலாம் என்கிறது அப்பரிந்துரை. ஆனால் கணிதம், அறிவியல் சார்ந்த படிப்புகளை அவர் இனித் தொடர இயலாது என்ற குறிப்பு அந்தச் சான்றிதழில் இருக்கும்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் இரக்கத்தின் மொழியில் இருந்தது. இந்த இரண்டு பாடங்களில் தோற்பதாலேயே ஏராளமான பிள்ளைகள் கல்வியை விட்டே வெளியேறுகிறார்கள். கலையோ வணிகமோ படிக்க விரும்பும் ஒருவரைக் கணிதம் ஏன் தடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டனர். நம் தோழர்கள் சிலரும் இதை வரவேற்றார்கள். பதினைந்து வயதில் தோல்வி முத்திரையுடன் செங்கல் சூளைக்குப் போவதைவிட ஒரு சான்றிதழோடு ஐடிஐக்குப் போவது மேல் என்பது அவர்களது வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. ஆயினும் அந்தக் குறிப்பு எந்தத் தெருவுப் பிள்ளைகளின் சான்றிதழில் அதிகமாக விழும் என்பதைக் கணிக்க நமக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

அதே ஆண்டில் கேரளம் எதிர்த்திசையில் நகர்ந்தது. எட்டாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை, எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 30 விழுக்காடு கட்டாயம் என அம்மாநில அரசு முடிவெடுத்தது. ஒரு மாநிலம் அளவுகோலைத் தாழ்த்துகிறது, மற்றொன்று உயர்த்துகிறது. இரண்டுமே எளிய பிள்ளைகளின் பெயரால்தான் செய்யப்படுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக நிற்பவர்கள் இவற்றில் எதைக் கேட்க வேண்டும்? இக்கேள்வியை நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றை அறியாமல் நாம் ஒரு நிலைப்பாட்டுக்கு வருவது சரியாகாது.

இரண்டு தடங்கள்

அமெரிக்காவில் நம்முடையதைப் போன்ற பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாடத்தை எத்தனை ஆண்டு படித்துத் தேறினால் நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும் என்பதை மாநிலங்கள் வகுக்கின்றன. பல மாநிலங்களில் உள்ளூர்க் கல்வி வாரியங்கள் அதற்கு மேலும் நிபந்தனை விதிக்கலாம். 1980களின் தொடக்கம் வரை இந்த நிபந்தனைகள் பல மாநிலங்களில் மிகக் குறைவு. ஓராண்டுக் கணிதம், ஓராண்டு அறிவியல் போதும் என்ற இடங்கள் உண்டு. அந்த ஓராண்டும் இயற்கணிதமாக இருக்கத் தேவையில்லை. 'பொதுக் கணிதம்', 'நுகர்வோர் கணிதம்' என்ற பெயர்களில் தள்ளுபடிக் கணக்கும் வட்டிக் கணக்கும் சொல்லித்தரும் வகுப்புகள் இருந்தன. ஒரே கட்டடத்துக்குள் ஒரு தடம் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு தடம் கூலி வேலைக்கும் சென்றது. சட்டப்படியான இனப் பிரிவினை 1954இன் பிரௌன் தீர்ப்பால் வீழ்ந்த பிறகு, பள்ளிக்குள்ளேயே பிரிவினையை நடத்திக்காட்டிய கருவி இந்தத் தடப் பிரிப்புதான். யாரும் யாரையும் விலக்கவில்லை. அவரவர் 'திறனுக்கேற்ற' வகுப்பில் அமர்த்தப்பட்டார்கள், அவ்வளவே.

1983இல் ரீகன் அரசு அமைத்த ஆணையம் 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற அறிக்கையை வெளியிட்டது. நிறைவுச் சான்றிதழுக்கு மூன்றாண்டுக் கணிதமும் மூன்றாண்டு அறிவியலும் கட்டாயமாக வேண்டும் என்றது. அந்த அறிக்கையின் கவலை சமத்துவம் என்று எவரும் ஏமாற வேண்டாம். ஜப்பானின் கார்களும் தென்கொரியாவின் எஃகு ஆலையும் ஜெர்மனியின் இயந்திரக் கருவிகளும் அமெரிக்கச் சந்தையைப் பிடிக்கின்றன என்ற அச்சத்தில் எழுதப்பட்டது அது. ஆனாலும் அடுத்த பத்தாண்டுகளில் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிபந்தனைகளை உயர்த்தியபோது, அதன் விளைவு கறுப்பினப் பிள்ளைகள் மீதே கூடுதலாக இறங்கியது. வெள்ளையினப் பிள்ளைகள் பெரும்பாலோர் அவ்வளவு கணிதத்தை ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார்கள். புதிய விதி யாருடைய அட்டவணையை மாற்றியது என்பதே கேள்வி.

வாக்குரிமையிலிருந்து இயற்கணிதத்துக்கு

இந்த விவாதத்தில் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் ராபர்ட் மோசஸ். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தில், உயிருக்கு ஆபத்தான சூழலில், கறுப்பினப் பண்ணைக் கூலிகளையும் வாரக் குடிகளையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பணியை ஒருங்கிணைத்தவர். அங்கே வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்து விளக்கம் சொல்ல வேண்டும். எழுத்தறிவற்றவர்களை ஏன் பதிவுக்கு அழைத்து வருகிறீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கப்பட்டபோது மோசஸ் அளித்த விடையின் சாரம் இது: தலைமுறை தலைமுறையாகக் கல்வியை மறுத்துவிட்டு, பிறகு கல்வி இல்லை என்பதையே காரணம் காட்டி உரிமையை மறுக்க இந்த நாட்டுக்கு அதிகாரமில்லை.

1982இல் தன் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை என்பதைக் கண்ட மோசஸ் தாமே அதைக் கற்பிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'இயற்கணிதத் திட்டம்'. பாஸ்டன் நகரின் மெட்ரோ ரயிலில் பிள்ளைகளை ஏற்றிச்சென்று, ஒரு நிலையத்தைப் பூச்சியமாகக் கொண்டு, இருபுறமும் உள்ள நிலையங்களை மிகை எண்களாகவும் குறை எண்களாகவும் உணரச் செய்தார். கணினி யுகத்தில் இயற்கணிதம் அறியாதவர், தொழில் யுகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத வாரக் குடிக்குச் சமம். ஆகவே இது வாக்குரிமையின் தொடர்ச்சியான குடியுரிமைப் போராட்டம் என்பது அவரது கருத்து. 2021இல் இறக்கும் வரை இதை அவர் விடவில்லை.

அவரது அணுகுமுறையில் எனக்கு முக்கியமாகப் படுவது கற்பித்தல் உத்தி அன்று. 'இந்தப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் ஆர்வமில்லை' என்று எவரைப் பற்றிச் சொல்லப்படுகிறதோ, அவர்களே கணிதத்தைக் கோரும் நிலையை உருவாக்க வேண்டும் என்றார் அவர். மிசிசிப்பியில் 'கறுப்பர்களுக்கு வாக்களிக்க ஆர்வமில்லை' என்ற பொய்யை, பதிவு அலுவலகத்தின் முன் வரிசையில் நின்ற மக்களே உடைத்தார்கள் அல்லவா?

இவ்விடத்தில் நம் வரலாற்றையும் நினைத்துக்கொள்ளலாம். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பினார். தீண்டாமையின் காரணமாக அது மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க நேர்ந்தது. ஒரு பாடத்தை மறுப்பது ஒரு வாசலை மூடுவது என்பதை அவர் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார்.

விதியை உயர்த்தியதால் என்ன நடந்தது?

சான்றுகள் இரு பக்கமும் உள்ளன. நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்காடு மன்றத்தில் ஒருவேளை செல்லும், இயக்கத்துக்கு உதவாது.

பொருளியலாளர் ஜோஷுவா குட்மன், 1983க்குப் பின் மாநிலங்கள் கணித நிபந்தனையை உயர்த்திய வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். விதி மாறியதால் கறுப்பின மாணவர்கள் படித்த கணிதப் பாடங்கள் கணிசமாகக் கூடின. பின்னாளில் அவர்களது வருமானமும் கூடியது. விதியால் உந்தப்பட்ட ஒரு மாணவருக்குக் கூடுதலாக ஒரு கணிதப் பாடம் தந்த வருமான உயர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு என்பது அவர் கணக்கு. 'இவர்களுக்குக் கணிதம் எதற்கு' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

மறுபக்கம், 2014இல் 'எஜுகேஷனல் ரிசர்ச்சர்' இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. கணிதம், அறிவியல் இரண்டிலும் சேர்த்து ஆறு பாடங்கள் கட்டாயமாக்கப்பட்ட நிலையில் இடைநிற்றல் 8.6 விழுக்காட்டிலிருந்து 11.4 விழுக்காடு வரை உயர்ந்ததை அது காட்டியது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளில் சில பிரிவினருக்குப் பாதிப்பு இன்னும் கடுமை. தாக்குப்பிடித்துப் பள்ளியை முடித்தவர்களில் சில பிரிவினர் கல்லூரிப் பட்டம் பெறும் வாய்ப்பு கூடியது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஒரே விதி சிலரை ஏற்றிவிட்டது, சிலரைத் தள்ளிவிட்டது. யாரை ஏற்றியது, யாரைத் தள்ளியது என்பதைத் தீர்மானித்தது எது?

இதற்கான விடையைச் சிகாகோ நகரத்தில் தேடலாம். 1997இல் சிகாகோ அரசுப் பள்ளிகள் துணிச்சலான ஒரு முடிவை எடுத்தன. தரம் குறைந்த நிவாரணக் கணித வகுப்புகளை ஒழித்து, ஒன்பதாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொருவரும் இயற்கணிதம் படித்தே ஆகவேண்டும் என்றன. அந்நகரின் அரசுப் பள்ளி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள். காகிதத்தில் இது ஒரு சமத்துவப் புரட்சி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு பின்னர் ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு கசப்பானது. இயற்கணிதம் படித்தோர் எண்ணிக்கை உயர்ந்தது. உடன் தோல்வியும் உயர்ந்தது. தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை. கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பும் கூடவில்லை. வகுப்பின் பெயர்ப் பலகை மாறியிருந்தது. அதே ஆசிரியர், அதே ஒரு பாடவேளை, எட்டாம் வகுப்பு வரை சேர்ந்துவந்த அதே கற்றல் இடைவெளி.

ஆனால் சிகாகோ அத்துடன் நின்றுவிடவில்லை. 2003இல் விதியைத் தளர்த்துவதற்குப் பதிலாக, எட்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் தேசிய நடுநிலைக்குக் கீழே இருந்த மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் நாளொன்றுக்கு இரண்டு பாடவேளை இயற்கணிதம் வழங்கப்பட்டது. ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சியும் பாடக்கருவிகளும் தரப்பட்டன. அந்த எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து இரட்டைப் பாடவேளை பெற்றவர்களையும், சற்று மேலே இருந்து பெறாதவர்களையும் காலேனா கோர்ட்டஸ், குட்மன், தக்காகோ நோமி ஆகியோர் ஒப்பிட்டனர். இரட்டைப் பாடவேளை பெற்றவர்களில் பள்ளியை முடித்தோரும் கல்லூரியில் சேர்ந்தோரும் அதிகம். பாடம் ஒன்றே, பிள்ளைகளும் அதே நகரத்துப் பிள்ளைகளே. கூடுதலாகக் கிடைத்தவை நேரமும் ஆசிரியரும். 1997இன் விதி பிள்ளையிடம் மட்டுமே எதையோ கேட்டது. 2003இன் விதி அரசிடமும் கேட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அனுபவம் வேறு வகை. அங்கே உயர்ந்த தகுதியைக் கேட்டுப் போராடியதே லத்தீன் அமெரிக்க, கறுப்பினக் குடியிருப்புகளின் மாணவர்களும் பெற்றோரும். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரத் தேவையான பாடத் தொகுப்பு, அவர்களது பள்ளிகளில் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை. அதை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். 2005இல் கல்வி வாரியம் ஏற்றது. நான் அறிந்தவரை, விதியைக் கடினமாக்கச் சொல்லி ஒடுக்கப்பட்ட மாணவர்களே தெருவில் இறங்கிய அரிய நிகழ்வு அது. ஆனால் நிறைவேற்ற வேண்டிய ஆண்டு நெருங்கியதும் ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ் இன்றி நிற்பார்கள் என்பது தெரிந்தது. 2015இல் வாரியம் 'டி' தரம் எடுத்தாலே போதும் என்று நிறுத்திக்கொண்டது. பல்கலைக்கழகங்களோ 'சி' தரம் கேட்கின்றன. ஆகவே அந்தப் பாடங்களை எல்லாம் 'முடித்த' பிள்ளையின் சான்றிதழ் அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் செல்லாது.

டெக்சாஸ் பற்றிச் சுருக்கமாக. 2007இல் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்களிலிருந்து நான்காண்டுக் கணிதமும் நான்காண்டு அறிவியலும் இயல்பான பாடத்திட்டமாயின. 2013இல் சட்டமன்றம் அதைக் கைவிட்டது. வேலைக்கான திறன், விருப்பத் தேர்வு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பற்றவைப்புத் தொழிலாளிக்கு உயர் இயற்கணிதம் எதற்கு என்ற கேள்வி அங்கும் எழுந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் உரிமை அமைப்புகள் இந்தத் தளர்வை எதிர்த்தன. யாருடைய பிள்ளை பற்றவைக்கப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்றும் அந்நாட்டில் நிலை என்ன? அமெரிக்கக் கல்வித் துறையின் 2020-21 குடியுரிமைத் தரவுத் தொகுப்பின்படி, கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் மிகுந்த உயர்நிலைப் பள்ளிகளில் 35 விழுக்காடு மட்டுமே நுண்கணிதம் கற்பித்தன. அவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளில் இது 54 விழுக்காடு. கற்பிக்கப்படாத பாடத்தில் ஆர்வத்தையோ திறனையோ எப்படி அளப்பது?

நீதிமன்றம் கேட்ட கேள்வி

ஒரு வழக்குரைஞராக நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் வழக்கு 'டெப்ரா பி. எதிர் டர்லிங்டன்'. 1978இல் ஃபுளோரிடா சட்டமன்றம், மொழியும் கணிதமும் கொண்ட ஒரு திறன் தேர்வில் தேறினால்தான் நிறைவுச் சான்றிதழ் என்று விதித்தது. முதன்முறை தேர்வு நடந்தபோது கறுப்பின மாணவர்களில் 78 விழுக்காட்டினர் தோற்றனர். வெள்ளையினரில் 25 விழுக்காட்டினர். மூன்று முயற்சிகளுக்குப் பிறகும் தேறாதவர்கள் கறுப்பினரில் ஏறத்தாழ 20 விழுக்காடு, வெள்ளையினரில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தக் கறுப்பினப் பிள்ளைகள் தம் தொடக்கக் கல்வியை இனப் பிரிவினைப் பள்ளிகளில் படித்தவர்கள்.

1979இல் மாவட்ட நீதிமன்றமும், 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னவை இரண்டு. பிரிவினையின் விளைவுகளைச் சுமந்துவந்த மாணவர்களை அதே அரசு இந்தத் தேர்வால் தண்டிக்க முடியாது; ஆகவே அப்பிள்ளைகள் பள்ளியைக் கடந்து செல்லும் வரை சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது. அடுத்தது அதைவிட முக்கியமானது. சான்றிதழ் என்பது மாணவரின் உரிமை சார்ந்த ஒரு சொத்து. தேர்வில் கேட்கப்படுவது வகுப்பில் உண்மையிலேயே கற்பிக்கப்பட்டது என்பதை அரசு மெய்ப்பிக்காமல் அதைப் பறிப்பது அடிப்படை நியாயத்துக்கு முரண். கவனியுங்கள்: நான் படித்தேன் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் மாணவர். நான் கற்பித்தேன் என்று மெய்ப்பிக்க வேண்டியது அரசு. இந்த இரண்டாவது சுமையை நம் நாட்டில் எந்தத் தேர்வு வாரியமும் இதுவரை சுமந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. ஃபுளோரிடா அரசு ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தி ஆவணங்களைத் திரட்டி, பாடம் கற்பிக்கப்படுகிறது என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்தது, 1984இல் மேல்முறையீட்டிலும் அது வென்றது, தேர்வு நிலைத்தது. 2000இல் டெக்சாஸின் வெளியேறும் தேர்வுக்கு எதிரான வழக்கில், சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் பாதகமான விளைவு உண்டு என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டே தேர்வைச் செல்லும் என்றார். நீதிமன்றங்கள் கால அவகாசம் வாங்கித் தரும். ஆசிரியரை வாங்கித் தருவது அரிது.

அந்த வகையில் கலிஃபோர்னியாவின் 'வில்லியம்ஸ்' வழக்கு கூடுதல் பயன் தந்தது. பாடநூல் இல்லாத, தகுதிபெற்ற ஆசிரியர் இல்லாத, கழிப்பறை இல்லாத பள்ளிகளின் மாணவர்கள் 2000இல் மாநில அரசின் மீதே தொடுத்த வழக்கு அது. 2004இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி, பாடநூல் இல்லாவிட்டாலோ உரிய ஆசிரியர் நியமிக்கப்படாவிட்டாலோ எப்படிப் புகார் செய்வது என்ற அறிவிப்பு, ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். நம் வகுப்பறைச் சுவர்களில் குறள் எழுதப்பட்டிருக்கிறது, தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. கணித ஆசிரியர் வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வடிவியலும் வரைபடமும்

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். 'வடிவியலும் வரைபடமும் போட்டுவிடு, பதினாறு வந்துவிடும். மீதிக்கு ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்' என்பது கிராமப்புற அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் தெரிந்த மந்திரம். 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் தயாராகும். அப்பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு ஒன்று தரப்படும். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில் உள்ள ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை; அந்தக் கையேடு பல பிள்ளைகளைத் தோல்வியிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் இருபடிச் சமன்பாடு என்றால் என்னவென்று அறியாமலே கணிதத்தில் தேர்ச்சி பெற்ற பிள்ளையிடம் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸின் 'டி' தரச் சான்றிதழ்தான். பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது அது தெரிந்துவிடும். 'உன் மார்க்குக்கு மூன்றாம் குரூப்தான் வரும், இல்லாவிட்டால் தொழிற்கல்வி' என்று ஐந்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கை தீர்மானிக்கப்படும். மகாராஷ்டிரம் சான்றிதழில் எழுத நினைத்ததை நாம் எழுதாமலே நடைமுறைப்படுத்துகிறோம்.

என் சொந்தக் கதையும் அதுவே. நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பில் கணித ஆசிரியர் பணியிடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் வந்த ஓர் அக்கா ஜனவரியில்தான் வகுப்பெடுக்கத் தொடங்கினார். மேல்நிலையில் கணிதக் குரூப் இருந்த பள்ளி பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நான் வரலாறு, பொருளியல் படித்தேன். பிறகு சட்டம் படித்தேன். இந்தத் தொழிலை நான் விரும்புகிறேன். ஆனால் அன்று அதை நான் தேர்ந்தெடுத்தேன் என்று எவரேனும் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என இரண்டாகப் பிரித்தது. 'பேசிக்' எழுதியவர் மேல்நிலையில் கணிதம் எடுக்க முடியாது என்பதே தொடக்க விதி. கணிதத்தில் தொடங்கி எல்லாப் பாடங்களையும் இரு நிலைகளில் வழங்கலாம் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. இது மன அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்கள். அமெரிக்கா 1983க்கு முன் வைத்திருந்த 'நுகர்வோர் கணிதம்' இதன் மூத்த சகோதரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருவதாகச் சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் இரண்டு தடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச்சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நீட் தேர்வை எதிர்க்கும் நாம், பள்ளியில் கணித, அறிவியல் தகுதியை உயர்த்தச் சொல்வது முரண் அல்லவா? என் பார்வையில் முரண் இல்லை. நீட், பள்ளி கற்பித்ததைப் புறக்கணித்து, பயிற்சி மையத்தில் விலைக்கு வாங்கப்படுவதை அளக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்கள், ஊரகப் பகுதியினர் ஆகியோரின் பங்கு மருத்துவச் சேர்க்கையில் நீட்டுக்குப் பின் சரிந்ததை 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு ஆவணப்படுத்தியது. கற்பிக்காததைக் கேட்பது என்ற அதே குற்றத்தைத்தான் நீட்டும் செய்கிறது. ஃபுளோரிடா நீதிமன்றம் கேட்ட கேள்வியை நீட்டிடம் கேட்டால் அது ஒரு நாளும் தாங்காது. நாம் கோருவது பள்ளிக்குள் கற்பிக்கப்படும் பாடத்தின் ஆழத்தை உயர்த்த வேண்டும் என்பதை. பள்ளிக்கு வெளியே இன்னொரு வாசலைக் கட்டுவதை அன்று.

ஆனால் இக்கோரிக்கையில் ஒரு சட்டப் பள்ளம் இருக்கிறது. அரசமைப்பின் 21அ பிரிவு 6 முதல் 14 வயது வரைக்கே கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது. அதற்கு மேல் அது அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டது என்பது 1993இன் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு. ஆக, இயற்கணிதம் தீவிரமாகும் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் உரிமை முடிந்துவிடுகிறது; பிள்ளை மீதான நிபந்தனை அங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் வளர்க்கச் சொல்லும் 46ஆம் பிரிவு வழிகாட்டு நெறியாக மட்டுமே நிற்கிறது. இந்த நிலையில் கேரளம் போல் ஒரு மாநிலம் குறைந்தபட்ச மதிப்பெண்ணை உயர்த்தினால், அதற்கு ஈடாக ஆசிரியரும் நேரமும் தரப்படுவதைக் கேட்டுப்பெறும் சட்ட உரிமை அந்தப் பிள்ளைக்கு இல்லை. விதிக்கும் அதே அரசாணையில் பணியிடமும் பாடவேளையும் ஆய்வகமும் எழுதப்படாவிட்டால், 1997இன் சிகாகோவையே நாம் திரும்பப் பார்ப்போம். அத்தகைய அரசாணையை நான் எதிர்ப்பேன். அவை எழுதப்பட்ட அரசாணையை, எவ்வளவு கடினமான தகுதியை அது கேட்டாலும், ஆதரிப்பேன். மகாராஷ்டிரம் போல் தாழ்த்தும் ஆணையை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. இரண்டு பாடவேளை தருவதைவிட ஒரு வரிக் குறிப்பு எழுதுவது அரசுக்கு மலிவு என்பதைத் தவிர அதில் வேறெந்த நன்மையையும் நான் காணவில்லை.

கல்லூரி மாணவர்களும் களத் தோழர்களும் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவரின் வகுப்பும், சமூகப் பிரிவும், மேல்நிலையில் எடுத்த குரூப்பும் பதிவாகியுள்ளன. யார் எந்தக் குரூப்பில் என்பது அரசுக்குத் தெரியும், நமக்குத்தான் சொல்லப்படுவதில்லை. உங்கள் ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் கணித, அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் கடந்த மூன்று கல்வியாண்டுகளில் எத்தனை மாதம் காலியாக இருந்தன? பதினோராம் வகுப்பில் அனுமதிக்கப்பட்ட குரூப்புகள் எவை, உண்மையில் நடப்பவை எவை? ஒவ்வொரு குரூப்பிலும் பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர்? பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். தனியுரிமையைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இடம் கொடுக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி முப்பது நாள்களில் விடை வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எங்கள் குழு ஒரு மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களுக்கான மனுக்களைச் சென்ற வாரம் பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறது.